கடைசிச் சாண்

குலசேகரம் தாண்டி, பொன்மனைக்குப் போகும் வழியில்
ரப்பர் மரங்கள் எல்லாம்
பிளாஸ்டிக் பாவாடை கட்டி நிற்கின்றன,
சிரட்டைப் பாலில் மழை விழாதிருக்க.
தரைக்கு அப்படி ஒன்று கட்டிவிடப் பார்க்கிறோம்.
முப்பதுக்கு அறுபதடி. ஷீட் வைக்கிற குடோன்.

பத்மதாஸ் அண்ணனுக்கு
ஆடி பிறக்குமுன் கான்கிரீட் விழ வேண்டும்.
இன்று ஆனி இருபத்தேழு.
எடவப்பாதியில் வந்து உட்கார்ந்த மழை
காலை நீட்டிக்கொண்டதே தவிர எழுந்திருக்கவில்லை.

புதன் மத்தியானம் மூன்று மணிநேரம் வெயில் கிடைத்தது.
ஷிபு ஜேசிபியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே தோண்டினான்,
வெட்டிய இடத்தில் சக்கரம் படாமல்.
"இன்னும் ஒரு சாண் கிடக்கே மேடம், கோரி எறிஞ்சிரட்டா?"
வேண்டாம்.
அந்தச் சாண் கிடக்கட்டும்.
நனைவதற்கென்றே ஒரு மண் வேண்டும் மேலே,
நாள் வரும்வரை.

அந்தச் சாணுக்குள்ளேயே ஒரு சரிவு:
கிழக்கே முழுச் சாண்,
மேற்கே வரும்போது நாலு விரல்.
உருளையை அதிர்வில்லாமல் இரண்டு தடவை ஓட்டி
இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவினதுபோல் ஆக்கினோம்.
மேற்கு மூலையில் ஒரு குழி, குழிக்கு ஒரு பம்ப்.
மேட்டு விளை வெள்ளம் நம்மை விசாரிக்காமல் போக
வெளியே சுற்றி ஓர் ஓடை.
நான் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ராத்திரி பத்தரைக்குச் சரல் கொண்டுவந்த டிப்பர்
திரும்ப இடமில்லாமல்
அதன்மேலேயே திரும்பியிருக்கிறது.

காலையில் இரண்டு தடம். கணுக்கால் ஆழம்.
நாலு விரல் இருந்த பக்கம்தான், வேறெங்கே.
தடத்தில் வெள்ளம். வெள்ளத்தில்
வாடகை கொடுத்து வந்ததுபோல் ஒரு தவளை.

ரோஸ்பாய் பக்கத்தில் ஏறி நின்று ஒரு குதி குதித்தாள்.
ஆறடி தள்ளி நின்ற என் காலடியில்
தரை அலுவாவாய் ஆடியது.

"மேல கல்ல போட்டு மூடினா தெரியவா போகுது?"
போனில் பத்மதாஸ்.
தெரியாது அண்ணா,
ரெண்டு வருஷத்துக்கு.

தோண்டினோம்.
ஆடின மண் ஆடாத மண்ணைத் தொடும் இடம்வரை.
ஒன்றரை அடி போயிற்று.
பிசைந்த மாவாய் வந்ததைத் தூர எறிந்தோம்.
சரளையும் பாறைப்பொடியும் அரை அடி, இடி;
அரை அடி, இடி;
சத்தம் மாறும்வரை இடி.
தொப்பென்று தொடங்கி
ணங்கென்று முடிந்தபோது மணி ஆறு,
திற்பரப்புப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

கமுகுத் தடி நட்டு நடுவைத் தூக்கி
புதுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம்.
ஓரத்துக்கெல்லாம் மணல் சாக்கு.
சாக்கை இறக்கி வைத்துவிட்டு ரோஸ்பாய் சொன்னாள்:
"எங்க வீட்டு ஓட்டுல ஏழு ஒழுக்கு மேடம்.
மண்ணு நனையப்பிடாதுண்ணு
இதுக்குப் போத்தியிருக்கிய."
கேலிதான். சிரித்தாள்.
நான் கயிற்றின் முடிச்சை
ஏற்கனவே இறுகியிருந்ததை
இன்னொரு தடவை இறுக்கினேன்.

சனிக்கிழமை விடியலில் மழை மூச்சுவிட்டது.
ஷிபு அந்தச் சாணை வழித்தான்.
அடியில் இருந்தது
இந்த வருஷ மழையைக் கேள்விப்படாத மண்,
செங்கல் நிறம்.
குதிகாலை ஊன்றி முழு எடையும் கொடுத்தேன்.
தடம் விழவில்லை.
எட்டரைக்குள் மெலிந்த கான்கிரீட் மூன்று அங்குலம் பரப்பி
அதை மூடியாயிற்று.
இனி யாரும் பார்க்கப் போவதில்லை,
நானும்தான்.

சாயங்காலம் ரோஸ்பாய் தார்ப்பாயை உதறி
நாலாய், எட்டாய், பதினாறாய் மடித்துக்கொண்டிருந்தாள்.
எங்கே வைக்க என்று கேட்கவில்லை.
சாமான் பதிவேட்டில் எழுதினேன்:
தார்ப்பாய், ஒன்று. கிழிந்தது.